துணியில் ஒட்டிய யார்டு மணல்

கத்தியே வைக்காமல் கல்லை எடுப்பார்களாம். யார் காதில் பூச் சுற்றுகிறார்கள்?

நான் சவரிராஜ். செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் இருபது வருஷமாக மணலைப் பீய்ச்சித் துரு எடுப்பவன். மணல் பட்டால் துரு உதிரும், கண்ணால் பார்க்கலாம். டாக்டர் ருக்கையா சொன்னதுதான் நம்பும்படியாக இல்லை.

"உங்கள தண்ணித் தொட்டியில இறக்கி, தண்ணிக்குள்ளயே ஒரு மின்பொறி வெடிக்க வைப்போம் அங்கிள். அந்த அதிர்ச்சி உள்ள போய்க் கிட்னி கல்ல உடைக்கும்."

"கல்லையே உடைக்கிறது என்னை மட்டும் சும்மா விட்டுருமா?"

"உடம்புல பாதிக்கு மேல தண்ணிதான். அதிர்ச்சி தாண்டிப் போயிரும். கல்லு கெட்டி, அதால தாங்க முடியாது. உடையலன்னாதான் ஆபரேஷன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் அண்ணன் பெர்னார்ட் 1974இல் இதே கல்லுக்காகத்தான் ஆபரேஷனுக்குப் போனார். பிணமாகத்தான் வெளியே வந்தார்.

இது 1988. ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்துத் தொட்டியில் இறக்கினார்கள். டக், டக்கென்று நெஞ்சுத் துடிப்புக்கு ஒரு அடி. ஆயிரத்தைந்நூறு அடியாம்! வெளியே வந்து விலாவைத் தடவினேன். தோல் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

சிறுநீரைத் துணியில் வடிகட்டி, விழும் கல்லைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் வடிகட்டினேன். கல்லும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வழக்கமான யார்டு மணல்தான் பழுப்பாக நாலைந்து ஒட்டியிருக்கும். அது என் சட்டை, தலையணை, சோறு எல்லாவற்றிலும் வருவதுதான். உதறிவிடுவேன்.

தேக்கா டீக்கடையில், என்னோடு யார்டில் வேலை செய்யும் வடிவேலு, "சும்மா போக்குக் காட்டிட்டு கடைசில கத்திதான் லா எடுப்பாங்க," என்றான். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மனைவியிடம் கத்தினேன். "நான் போகல! அண்ணன மாதிரி என்னையும் கூறு போடப் பாக்குறாங்க. இந்தா பாரு, யார்டு மண்ணத் தவிர ஏதாச்சும் இருக்கா?"

அல்போன்சம்மாள் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நீங்க யார்டுக்குப் போய் எத்தன நாளாச்சு?"

"பதினேழு நாள்."

"வீட்ட மூணு தடவ கழுவிட்டேன். இது ஆஸ்பத்திரியில குடுத்த புதுத்துணி. மண்ணு எங்கேருந்துங்க வரும்?"

துணியைத் திரும்ப வாங்கினேன். ஒரு துணுக்கை நகத்தால் அழுத்தினேன். யார்டு மணல் நகத்தைக் கீறும். இது பொடிந்தது.

அடப்பாவி! ஒரு வாரமாக என் கல்லை நானே உதறிக் கொட்டியிருக்கிறேன். சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்துவிட்டது.

"அண்ணனுக்கு இந்தத் தொட்டி கிடைக்காமப் போச்சேடி."

அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு துணியை மடித்துக் காலியான தைலப் புட்டிக்குள் போட்டு மூடினாள். மறுநாள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அதை என் கையில் கொடுக்கவேயில்லை. நான் உதறிவிடுவேனாம்.