மார்கழியில் விதைத்த லில்லி

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் பாக்கியவதி விதைத்த லில்லி மேலே முளைக்கவில்லை. ஒரே குளிர்காலத்தில் எட்டாயிரம் அடி கீழே இறங்கிப் பூத்தது. அடிக்கணக்கு கொஞ்சம் குறைத்தே சொல்லப்பட்டிருக்கிறது. விதைப் பொட்டலத்தில் பிப்ரவரியில் விதைக்கவும் என்று போட்டிருந்தது. அது உறைபனி விழும் தேசத்துக்கு. ஆண்டர்சன்பேட்டையில் நாற்று விற்கும் லதா, "நம்மூருக்கு ஆவணிதாம்மா. மூணு மாசம் மண்ணுல சூடு வாங்கணும், அப்பறம் குளிரு. மாசியில இலை காட்டும்" என்றாள். பாக்கியவதிக்கு ஆவணிவரை அவகாசமில்லை. கணவன் மாணிக்கராஜ் முப்பத்தோரு வருஷம் முன்பு பாறை வெடித்துச் சரிந்ததில் சுரங்கத்துக்குள்ளேயே தங்கிவிட்டான். உடல்கூட மேலே வரவில்லை. திவசத்துக்குத் திவசம் அவள் சுரங்கத்துக்கு இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டுக்குள் வீசிய மாலையை, உள்ளிருந்து வரும் காற்று மறுநாளே அவள் தகரக்கூரைமேல் திருப்பி வைத்தது. பங்குனியில் ஷாஃப்டின் வாயைக் கான்கிரீட் போட்டு மூடப்போகிறார்கள். அதற்குள் ஒரு பூவாவது அவனிடம் சேர வேண்டும்.

ஆகவே மார்கழியிலேயே விதைத்தாள். அந்த வருஷக் குளிரில் ஸ்டேஷன் கடிகாரமே நடுங்கி இருபது நிமிஷம் பின்தங்கியது. "இன்னா அண்ணி, விதைக்கு ஸ்வெட்டர் போட்டீங்களா?" என்று சிரித்தான் கொழுந்தன் துரை. மேலே சூடு கிடைக்காத விதை கீழே தேடியது. அங்கே பாறைமேல் தோசை வார்க்கலாம். பொங்கலுக்குள் தொட்டியைத் துளைத்து, சிமென்ட் தரையைத் துளைத்து, நாளுக்கு நூறு அடி இறங்கியது. சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் பதினேழிலும் சமையலறைத் தரைக்கடியில் பட்டப்பகலில் ஈரக்கால் நடக்கும் சத்தம் கேட்டது. தண்டு ஷாஃப்டின் விளிம்பைத் தாண்டி, தண்ணீர் நிற்கும் சுரங்க அடுக்குகளான லெவல்களையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

கான்கிரீட் லாரி வந்த காலையில், ஊர் சிரிப்பதற்குள் அறுத்துவிடலாம் என்று துரை அரிவாளோடு ஷாஃப்ட் விளிம்புக்குப் போனான். சுரங்கம் ஓடிய நாளில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டை ஓட்டியவன் அவன்தான். அண்ணனைக் கடைசியாக இறக்கியதும் அவன்தான். தண்டைப் பிடித்ததும் அரிவாள் நழுவியது. தண்டு கேஜின் இரும்புக் கயிறுபோல் கனத்து, உள்ளங்கையில் உரசிக்கொண்டு இறங்கியது. ஒரு மணி நேரம் இறங்கி, நின்றது. கீழிருந்து ஒரே ஒரு தட்டு வந்தது. கேஜ் ஓட்டுபவனுக்குக் கீழிருந்து அடிக்கும் மணிக்கணக்கில் ஒரு தட்டு என்றால், வந்து சேர்ந்தது, நிறுத்து. அதைக் கீழே இருக்கும் ஆள்தான் அடிக்க முடியும்.

"இன்னா துரை, அறுத்துட்டியா?" என்றாள் பின்னாலேயே வந்து சேர்ந்த பாக்கியவதி.

துரை தண்டை விடவில்லை. "இல்ல அண்ணி. பூ சேந்துச்சி. அண்ணன் வாங்கிக்கிச்சி."