வேலையில்லாதவனாய் நடிக்கிற வேலை

மகனுக்கு வேலை கிடைச்சிட்டுது எண்டு யோசெப்பின் போனில சொன்னபோது, அவவின்ர மனுசன் சவிரிமுத்து டோர்வல் எயார்போட்டில பிளேனுக்குச் சாப்பாடு கட்டுற இடத்தில தட்டுகளுக்கு மூடி போட்டுக்கொண்டு நிண்டார். "மாதாவே!" எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டார். பின்ன என்ன? ஒரு வருசமாய் டெனிஸ்டன் வீட்டில சும்மா படுத்துக்கிடக்கிறான். கோயிலில கேக்கிற ஆக்களுக்கெல்லாம் "படிக்கிறான்" எண்டு பொய் சொல்லிச் சொல்லி மனுசனுக்கு நாக்குத் தேய்ஞ்சுபோச்சு.

"என்ன வேலையாம்?"

"படத்தில நடிக்கிறது. பிரெஞ்சுப் படம். ஏதோ ஒரு கிராமத்தில வேலைவெட்டி இல்லாமல் திரியிற பெடியளின்ர கதையாம். அதில ஒருத்தன் இவன்."

சவிரிமுத்து மூடியைக் கீழே வைச்சார். வேலையில்லாதவனாய் நடிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்களோ? அப்ப நோத்ர-டாம்-த-கிரேஸில இருக்கிற எங்கட வீட்டுச் சோபாவில இவ்வளவு நாளும் இவன் ஓசியிலயெல்லோ நடிச்சிருக்கிறான்! கோதாரி விழுந்த நாடு, எதுக்குச் சம்பளம் குடுக்கிறது எண்டு ஒரு விவஸ்தை இல்லை.

யோசெப்பின் விடுவாவே? அந்தோனியாருக்கு நேத்தி வைச்சு வந்த வேலையாம். நன்றிப் பூசை ஒப்புக்குடுத்தா. பூசை முடிய டெனிஸ்டனின்ர பேரை ஃபாதர் சொல்ல, சனம் கைதட்டிச்சுது. அண்டைக்குத்தான் சவிரிமுத்துவுக்கும் மனம் கொஞ்சம் இளகிச்சு. நாலு பேருக்கு முன்னால, இவன் என்ர மகன் எண்டு தலையை நிமிர்த்திக்கொண்டு ஒருக்கால் நிக்கவேணும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

படம் வந்த ஞாயிறு கோயில் சனம் முழுக்கத் தியேட்டருக்கு வந்திட்டுது. எல்லாருக்கும் தமிழ்ப் படத்துக்குப் போற நினைப்பு. பொம்பிளையள் பட்டுச் சீலை. கர்க்லாண்டிலயிருந்து வந்த ஞானேந்திரன் குடும்பம் கைப்பைக்குள்ள முட்டை ரோல்ஸ் ஒளிச்சுக்கொண்டு வந்திருந்தினம். திரையில டெனிஸ்டனின்ர முகம் தெரிஞ்சதும் விசில் பறந்துது பாருங்கோ! அவன் அப்ப ஒரு வெறும் பஸ் தரிப்பில குந்தியிருந்து நிலத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறான். முன்வரிசை வெள்ளைக்காரர் திரும்பிப் பாத்தினம், இதில விசிலடிக்க என்ன கிடக்கு எண்டு.

பேந்து பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. பெடியள் பஸ் தரிப்பில இருக்கினம், எழும்பினம், திரும்ப இருக்கினம். "கதை எப்ப தொடங்கும்?" எண்டு ஞானேந்திரன் வாய் நிறைய ரோல்ஸோட கேட்டார்.

தொடங்கிச்சுது. டெனிஸ்டனுக்கு அப்பாவாய் வந்தவர் ஒரு மொறோக்கோக்காரர். விடியப்புறம் வேலைக்கு வெளிக்கிடுறார். வாசலில கிடந்த மகன்ர சப்பாத்தை எடுத்துத் துடைக்கிறார். நுனி வெளியைப் பாக்கத் திருப்பி வைக்கிறார். மகன்ர அறை லைட்டைப் போட்டிட்டு, கதவை ஆவெண்டு திறந்துவிட்டிட்டுப் போறார்.

சவிரிமுத்து கதிரை நுனிக்கு வந்திட்டார். அது அவர் செய்யிறது! ஒவ்வொரு விடியவும் வாய் திறக்காமல் அவர் மகனுக்குக் குடுக்கிற ஏச்சு அது. அடுத்ததாய்ச் சாப்பாட்டு மேசை. "நான் செத்தால் பெட்டி தூக்கவாவது எழும்புவியோ?" எண்டு மொறோக்கோக்காரர் பிரெஞ்சில கத்துறார். பிரெஞ்சு விளங்காதவைக்கும் விளங்கட்டும் எண்டு கீழே ஆங்கிலம் வேற ஓடுது.

"இஞ்சேருங்கோ, இது நீங்கள் நத்தார்ப் பண்டிகையண்டு சொன்னதெல்லோ?" எண்டு யோசெப்பின் காதுக்குள்ள கேட்டா. அவவின்ர காதுக்குள்ள கதைக்கிறது மூண்டு வரிசைக்குக் கேக்கும். சனம் திரும்பித் திரும்பிப் பாத்துது. மனுசன் வெக்கத்தில கதிரைக்குள்ள புதைஞ்சுபோனார்.

கடைசியில அந்த அப்பா பஸ் தரிப்புக்கு வாறார். மகனுக்குப் பக்கத்தில இருக்கிறார். "உனக்கு என்ன நடக்குமோ எண்டு பயந்துபோனன். அதுதான் கத்தினன்," எண்டு சொல்லி, மகனைக் கட்டிப்பிடிச்சு அழுறார். தியேட்டர் முழுக்க மூக்குறிஞ்சுற சத்தம். சவிரிமுத்துவும் கண்ணைத் துடைச்சார்.

வெளியில வந்ததும் ஞானேந்திரன் அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டார். "அண்ணை, பெடியன் உங்களை அப்பிடியே கொண்டுவந்திட்டான். அந்தக் கடைசிக் கட்டம்! உங்களுக்கு இப்பிடியொரு மனம் இருக்கெண்டு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சே!"

"ஓம், ஓம்," எண்டார் சவிரிமுத்து. வேற என்ன சொல்லுறது? ஆக்கள் வரிசையாய் வந்து கை குடுத்தினம். தலை தானாய் நிமிர்ந்துது.

யோசெப்பின் பொம்பிளையளோட கதைச்சு முடியிறதுக்கிடையில அப்பனும் மகனும் மெட்ரோவுக்கு இறங்கிட்டினம்.

"வீட்டில நடக்கிறதெல்லாம் சொல்லிக்குடுத்தனியோ?"

"ஓம் அப்பா. டைரக்டர் கேட்டவ. சொன்னன்."

"அந்தக் கடைசியும்?"

"இல்லை, அது அவவே எழுதினது. எங்கட வீட்டில அப்பிடி நடக்காது எண்டு சொல்லிப் பாத்தனான். அது இல்லாட்டி அந்தாளை ஒரு அப்பா எண்டு சனம் நம்பாது எண்டிட்டா."

டெனிஸ்டன் கோவமாய்ச் சொல்லேல்லை. அதுதான் மனுசனுக்குத் தாங்கேலாமல் போச்சு. பெடியன்ர தோளில கையைப் போடவேணும் போல கிடந்துது. சொல்லவேண்டிய சொல்லும் தெரியும், இப்பத்தானே திரையில கேட்டவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, படம் முடிஞ்சுதுதானே," எண்டார். "இனி என்ன செய்யப்போறாய்?"