விக்மானின் கடைசிச் சுற்று

"கம்பெனிப் பெயர் பொறிக்காத டிகோடரையும் பார்த்ததுமே இன்னதென்று சொல்ல, ஜெர்மனி முழுவதிலும், நம் கெர்னோட் விக்மானை விட்டால் ஆள் இருந்ததில்லை" என்று சங்கத் தலைவர் டாக்டர் கியூனெல் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனி என்று அவர் குறிப்பிட்டது, பழைய சரக்குக் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் கூடும் மாதிரி ரயில் சங்கத்தின் ஏழு உறுப்பினர்களை. டாக்டர் என்றால் பல் டாக்டர்.

விக்மானின் மகள் ஸில்கே அதைக் காதில் வாங்காமல், அப்பாவின் கறுப்பு நீராவி எஞ்சினுக்குத் துக்க நாடா கட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. உறுப்பினர் இறந்தால் அவருடைய எஞ்சின் தடத்தில் ஒரு சுற்று வரவேண்டும், மற்றவர்களின் எஞ்சின்கள் மரியாதைக்கு அதே தடத்தில் பின்னால் வரிசையாக நிற்கவேண்டும் என்பது சங்க வழக்கம். ஆறும் நின்றன.

அம்மா ரோஸ்விதா மடியில் வெண்ணெய்க் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷத்தில் அவள் இந்தக் கொட்டகைக்குள் வந்ததே இல்லை. "ஒரே ஒரு சுத்தும்மா" என்று கெஞ்சி ஸில்கேதான் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

பொருளாளர் ஹில்மார் எஞ்சின் எண்களின் பதிவேட்டைத் திறந்தார். விக்மானுக்கு நேரே அப்பாவின் மணியான கையெழுத்தில் 7214 என்றிருந்தது. ஸில்கே எஞ்சின்களை ஓட்டும் கைக்கருவியில் அந்த எண்ணைப் போட்டுக் குமிழைத் திருகினாள். எஞ்சின் நகரவில்லை. மறுபடியும் போட்டாள். அம்மா கேக்கைத் தின்று முடித்துவிட்டாள்.

ஒவ்வொரு எஞ்சினின் வயிற்றிலும் நகத்தளவு டிகோடர் இருக்கும்; தன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார்கள். டிகோடர் பலகையில் கம்பெனிப் பெயரும் இல்லை, குறியும் இல்லை. தலைவர் பல் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"பச்சைப் பலகை. செக் நாட்டுச் சரக்கு."

"பச்சைன்னா செக்கா?" என்றார் ஹில்மார். "உங்க பல்லு மஞ்சளா இருக்கே, அது எந்த நாட்டுச் சரக்கு?"

"அப்ப நீயே சொல்லேன்!"

"இதையெல்லாம் யாரைக் கேக்கணும்னா..." என்று தொடங்கிய ஹில்மார் நிறுத்திக்கொண்டார். எல்லோரும் மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தார்கள். படத்தில் அப்பா பூதக்கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எந்தக் கம்பெனின்னு தெரிஞ்சா போதும். உள்ள இருக்கிறதை மொத்தமா அழிச்சிட்டுப் புது நம்பர் போட்டுடலாம். அழிக்கிற வழிதான் கம்பெனிக்குக் கம்பெனி வேற."

"அழிக்கிறதா?" ஸில்கே எஞ்சினைக் கையில் எடுத்துக்கொண்டாள். "போன குளிர்காலம் பூரா கீழ் அறையில உக்காந்து அப்பா சரி பண்ணி வச்சது டாக்டர் இது. ஆஸ்பத்திரியில கடைசியா என்கிட்ட அதைத்தான் பேசினார். 'என் எஞ்சின் கிளம்புறதே தெரியாது, பூ மாதிரி போகும்'னார். அதை அழிக்க விடமாட்டேன்."

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையாப் போட்டுப் பாக்கவேண்டியதுதானே?" என்றாள்.

"அய்யய்யோ, அப்படியெல்லாம் பண்ணக்கூடாது ரோஸ்விதா!" ஆறு குரல்களும் ஒன்றாக எழுந்தன. தடத்தோரம் ஒட்டும் செயற்கைப் பாசி எந்த நிறம் என்பதற்கே இரண்டு வருஷம் சண்டை போட்ட சங்கம் அது.

"ஏன்?"

"இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கங்க" என்றார் ஹில்மார்.

ஸில்கேக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் அவள் பார்த்தவரை, இங்கே கைக்கருவியைக் கையில் எடுக்கிற எல்லோரும், சீட்டாடுகிறவர்போல் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் எண்ணைப் போடுவார்கள். தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கவேண்டும் என்று அப்பா கொண்டுவந்த தீர்மானம், விவாதமே இல்லாமல் ஒருமனதாக நிறைவேறியதும் நினைவுக்கு வந்தது.

எஞ்சினைத் தடத்தில் வைத்தாள். ஒன்று. அசைவில்லை. இரண்டு. அசைவில்லை. தலைவர் கூரையை ஆராயத் தொடங்கினார்.

மூன்று என்பது எல்லா டிகோடருக்கும் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பும் எண். வாங்கியவர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாற்றவேண்டியது.

மூன்றைப் போட்டுக் குமிழைத் திருகினாள். அப்பாவின் எஞ்சின், பஸ்ஸைத் தவறவிட்ட ஆள்போல் ஒரே துள்ளலாகத் துள்ளிக் கிளம்பியது. துக்க நாடா அவிழ்ந்து விழுந்தது.

"பூ மாதிரியா?" என்றாள் அம்மா. "குளிர்காலம் பூரா கீழ குறட்டைதான் கேட்டுது."

ஸில்கே சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் கைக்குட்டையைத் தேடினாள்.

வழக்கப்படி ஆறு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஸில்கே குமிழை இன்னும் கொஞ்சம் திருகியதும் பின்வரிசையில் தலைவரின் சிவப்பு விரைவு எஞ்சின் துள்ளியது. அடுத்து ஹில்மாருடையது. ஆறும், அதே துள்ளலோடு, அப்பாவின் எஞ்சினுக்குப் பின்னால் வரிசையாகப் புறப்பட்டன. அம்மா எழுந்து நின்று முழுச் சுற்றையும் பார்த்தாள்.

சங்கத்தில் ஒருவருக்கும் எண்ணை மாற்றத் தெரியாது.