மூலை குறைந்த ஐந்து சதம்

றம்லா முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ஐந்து சதத்தை என் மேசையில் வைத்தபோது, உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. சதுரக் காசு, 1971. ஒரு மூலை இல்லை. நாணயச்சாலையில் தகடே குறையாக வெட்டுப்பட்டு அச்சுக்குள் போயிருந்தால், வெட்டுக்கு நேர் எதிரே இருக்கிற விளிம்பும் சரியாக எழும்பாமல் மங்கிப்போயிருக்கும். இதில் எதிர் விளிம்பு முழுசாக நின்றது. வெட்டின இடம் விரலைக் குத்தியது. யாரோ ஒரு வேலையில்லாத மனுசன் தகரக் கத்திரியால் நறுக்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். யூடியூப்பில் எவனோ ‘பிழையான காசுக்கு ஐந்து இலட்சம்’ என்று கத்தின நாளிலிருந்து மருதமுனையில் பாதிப்பேர் என் வாசலுக்கு வந்துபோய்விட்டார்கள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் பிழைக்காசு சேர்க்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். தேய்ந்தது, நசுங்கினது, கொண்டுபோங்க என்று எல்லோருக்கும் முகத்துக்கு நேரே சொன்னேன். ஒருத்தரும் திரும்பி வரவில்லை. என்னிடம் வேறு என்ன வேலை அவர்களுக்கு?

றம்லா மட்டும் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, “என்ன டீச்சர், சீனியோட கோவமா?” என்றாள். சிரித்துவிட்டேன். என் கணவர் மௌத்தாகிப் போய்ச்சேர்ந்து இரண்டு வருடம். மகள் றிபா கட்டாரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நிமிடம் கதைப்பாள். இந்த வீட்டில் என் சிரிப்பே எனக்குப் புதிதாகக் கேட்டது.

“வச்சிட்டுப் போங்க. வடிவாப் பாக்கணும். நாளைக்கு வாங்க” என்று என் வாய் சொன்னது.

வந்தாள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, தறிக்கு நூல் சுற்றின கையோடு, முக்காட்டில் பஞ்சு ஒட்டியிருக்க தினமும் வந்தாள். பக்கத்து வீட்டுச் சண்டை, மகன் ஜவாதின் பிடிவாதம், தன் முழங்கால் வலி எல்லாம் கதைத்தாள். நான் சீனியைக் கூட்டினேன். நான்காம் நாள், “இது வித்தா நான் மக்காவுக்கு உம்ராக்குப் போவன் டீச்சர். அங்க ஒங்களுக்கும் துஆக் கேப்பன்” என்றாள். “கொழும்புக்குப் போட்டோ அனுப்பியிருக்கன்” என்று பொய் சொன்னேன். பாவி, வாய் கூசாமல் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் படலை திறக்கிற சத்தம் கேட்டுத் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்தால், ஜவாதும் கூட நிற்கிறான். றம்லா உட்காரவில்லை.

“உம்மாட காசத் தாங்க டீச்சர். நீங்க கொழும்புக்கு வித்துட்டீங்க எண்டு ஊரெல்லாம் கதை.”

“அது பெறுமதியில்லாத காசு மகன். பொறகு யாரோ வெட்டினது.”

“அப்ப பதினொரு நாள் என்னத்துக்கு வச்சிருந்தீங்க?”

கூட இருந்து தேத்தண்ணி குடிக்க ஆளில்லை என்று, மகன் வயதில் நிற்கிறவனிடம் எப்படிச் சொல்வது? றம்லாவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். என்னுடைய ஐந்து சதம், அதே வருடம், அதே மூலை குறைந்தது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் பஸ்ஸில் மிச்சக் காசாகக் கிடைத்தது. நாணயச்சாலையிலேயே பிழையாக அச்சான காசு என்று நான் நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். விற்றால் உம்ராவுக்குக் காணாது. ஆனாலும் அவள் வெறுங்கையோடு போகமாட்டாள். அதைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

பெருவிரலால் தடவினாள். திரும்பவும் தடவினாள்.

“இது என்ட இல்ல டீச்சர்” என்றாள், மெதுவாகத்தான். “என்டது கையில குத்தும்.”

“பாத்தீங்களா உம்மா, மாத்திட்டாங்க” என்றான் ஜவாத்.

“அல்லாவுக்காக, இத வச்சுக்கங்க றம்லா. இதுதான் உண்மையான பிழைக்காசு.”

அவள் அதை மேசையில் வைத்துவிட்டாள். “என்டதத் தாங்க.”

கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு, மகனுக்குப் பின்னால் நடந்தாள். போகும்போது படலையைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

கதிரைக்கு முன்னால் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. கோப்பை விளிம்பில் ஒரு எறும்பு ஏறியது. செய்ய ஒன்றுமில்லாமல் கண்ணாடியை எடுத்து என் காசைப் பார்த்தேன். வெட்டுக்கு நேர் எதிரே, விளிம்பு மங்கலாகத்தான் இருந்தது.