ஒரு மூட்டை கேரட்

கோதண்டத்தின் கீழ் இமையைக் கம்பெனி டாக்டர் இழுத்துப் பார்த்தார்.

“சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்குதேப்பா. ரத்தமே இல்லை. ஒரு மாசம் நல்லா சாப்பிட்டுட்டு வா, மறுபடி பார்க்கலாம்.”

பெங்களூர் ரோட்டோரம் புதிதாகத் திறந்திருந்த கம்பெனியில் ஃபிட்டர் வேலை. இன்டர்வியூ பாஸ். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. மண்ணூருக்குச் சைக்கிள் மிதித்து வந்தவன், வாசலில் வண்டியைச் சாத்திவிட்டு அப்படியே குந்திவிட்டான்.

“இன்னாங்க, ஆர்டர் குடுத்துட்டாங்களா?” என்று ஓடி வந்தாள் மனைவி கனகம்.

“ரத்தம் கேக்குறாங்க.”

“இன்னாது?”

“என் ஒடம்புல ரத்தம் இல்லியாம். ஒரு மாசத்துல ஊற வச்சிக்கினு வரணுமாம். இல்லாங்காட்டி வேலை அடுத்த ஆளுக்குப் பூடும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அன்னபுஷ்பத்தின் காதில் இது விழுந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். வைத்தியம் என்றால் ஈரத் துணியோடு வந்து நிற்பாள்.

“தம்பி, பச்சைக் காய்கறிச் சாறு குடி. கேரட்டைத் துருவிப் பிழிஞ்சு, கூடவே ஒரு பிடி முருங்கைக்கீரை. வெறும் வயித்துல ஒரு டம்ளர். பிள்ளை பெத்தவங்களுக்கு எங்க டாக்டரம்மா அதைத்தான் சொல்லும்.”

“நான் இன்னா பிள்ளையா பெத்துக்கினு வந்தேன்?”

“பெத்தவளுக்கே ஊறுதுன்னா, பெறாதவனுக்கு ஊறாதா?”



மண்ணூரில் அந்த நாளில் கேரட் என்றால் கல்யாணச் சமையலில் பார்ப்பதுதான். ஆனால் கனகத்தின் அண்ணன் நாகப்பன் மெட்ராஸ் கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட்டுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தங்கச்சி சொல்லி அனுப்பிய நாலாம் நாளே லாரியை நிறுத்தி ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டான்.

“முறிஞ்ச காய்ம்மா. வியாபாரத்துக்கு ஆவாது, ஒடம்புக்கு ஆவும். சீக்கிரம் தீத்துடு, அழுவிடப் போவுது.”

மாமியார் பாப்பம்மாள் மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“உங்க அண்ணன் எப்பனாச்சும் தங்கம் போடுவாருன்னு பாத்தேன். தங்கக் கலர்ல போட்டுட்டாரு.”

“குடிச்சா உங்க புள்ளைக்குத்தானே அத்தே நல்லது.”

“நல்லதுதான். மாடு தின்றதுக்கும் கொஞ்சம் வை.”

கோதண்டம் ஃபிட்டராயிற்றே. பழைய டால்டா டின்னின் மூடியை எடுத்து, ஆணியால் உள்ளிருந்து வரிசையாகக் குத்தினான். சொரசொரவென்று துருவி ஒன்று தயார். விடிந்ததும் கனகம் கேரட்டைக் கழுவித் துருவுவாள். முருங்கைக்கீரையை அம்மியில் நசுக்குவாள். இரண்டையும் வேட்டித் துணியில் போட்டு ஒரு முனையை அவள் பிடிக்க, மறு முனையை அவன் முறுக்குவான். செம்பில் சாறு இறங்கும். ஒரு துண்டு வெல்லம் போட்டால் தீர்ந்தது வேலை.

முதல் நாள் ஒரு டம்ளர்தான். மூன்றாம் நாள் மூட்டையின் அடியில் ஒரு காய் கொழகொழத்தது.

“ஒரு டம்ளருக்கு ஒரு மாசம்னா, ஒரு சொம்புக்குச் சீக்கிரம் ஊறாதா?” என்றாள் கனகம்.

“கணக்கு சரியாத்தான் கீது,” என்றான் கோதண்டம். காலையில் ஒரு செம்பு, பொழுது சாய ஒரு செம்பு என்றானது.

சாறு அவனுக்கு, சக்கை? எறியக் கனகத்துக்குக் கை வரவில்லை. தேங்காய் போட்டுப் பொரித்தாள், அடையில் சேர்த்தாள், வெல்லம் கலந்து உருண்டை பிடித்தாள். பாப்பம்மாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். “எனக்குச் சோறும் கருவாடும் போதும்மா.” ஆக, மொத்தச் சக்கையும் கனகம் கணக்கில்.

பலன் தெரிந்தது. கிணற்றில் பத்து வாளி இறைத்தாலும் கோதண்டத்துக்கு மூச்சு வாங்கவில்லை. “ஊறுதுடி, ஊறுது!” என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

இதற்கிடையில் வல்லம் வடகால் கிராமத்தில் பங்காளி ஒருவர் காலமானார். கருமாதி முடியும் வரை வீட்டுக்குத் தீட்டு. பெண்கள் எண்ணெய் தேய்ப்பதில்லை, மஞ்சள் பூசுவதில்லை.

மெடிக்கலுக்கு முதல் நாள் மதியம் சோறு போட்டுக்கொண்டிருந்த பாப்பம்மாள் கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

“டேய், கையைக் காட்டு.”

காட்டினான். உள்ளங்கை எலுமிச்சம்பழம் போல இருந்தது.

“ஐயோ, காமாலைடா!”

“போம்மா, கேரட்டு ஒட்டிக்கினு இருக்கும்.” சோப்புப் போட்டுத் தேய்த்தான். போகவில்லை. உள்ளங்காலும் அதே நிறம். மூக்கு நுனியும்.

“அந்தச் சொவரு இன்னா கலரு?” என்றாள் பாப்பம்மாள்.

“வெள்ளை.”

“வானம்?”

“நீலம்.”

“நான்?”

“நீ மட்டும் பயங்கரமாத் தெரியிற.”

“சிரிக்காதடா! உப்பு வேணாம், எண்ணெய் வேணாம். காலையில கீழாநெல்லியை மோர்ல குடிச்சிட்டு நேரா தண்டலம் வைத்தியர்கிட்ட போறோம்.”

“காலையில மெடிக்கல் அத்தே!” என்றாள் கனகம்.

“காமாலைக்காரனைக் கேட்டுலயே தொரத்துவாங்க. உசிரு இருந்தா வேற வேலை கெடைக்கும்.”

“இந்த மாதிரி வேலை கெடைக்காது அத்தே.”

பாப்பம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். கோதண்டம் பாயை விரித்துப் படுத்தான். இல்லாத காய்ச்சல்கூட அவனுக்கு வந்துவிடும் போலிருந்தது.

விடிந்ததும் கனகம் கீழாநெல்லியை அம்மியில் அரைத்தாள். கையெல்லாம் பச்சை. கழுவினாள். பச்சை போயிற்று, அடியில் மஞ்சள் நின்றது. மறுபடி கழுவினாள். மஞ்சள் அசையவில்லை. ஈரக் கையோடு வேலிக்கு ஓடினாள்.

“அக்கா, என் கையைப் பாரு!”

“இன்னாடி, மஞ்சள் பூசியிருக்கே.”

“தீட்டு வூட்ல எவளாச்சும் மஞ்சள் தொடுவாளா? அவருக்கும் இதே மாதிரிதான், காமாலைன்னு அத்தே அழுவுது.”

அன்னபுஷ்பம் கையை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தாள்.

“பசிக்குதா?”

“உன்னையே தின்னுடுவேன்.”

“வாந்தி? தலைசுத்தல்?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“ஒண்ணுக்கு?”

“தண்ணி மாதிரி போவுது.”

“அப்ப காமாலை எங்கேர்ந்து வந்துச்சு?”

கனகம் வீட்டுக்குள் பாய்ந்து, மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அத்தே, கையை நீட்டுங்க. ஏங்க, நீங்களும் எழுந்து நீட்டுங்க.”

மூன்று ஜோடிக் கைகள். இரண்டு ஜோடி மஞ்சள். பாப்பம்மாளுடையது மட்டும் எப்போதும் போல.

“மூட்டையைத் தொடாதது நீங்க ஒருத்திதான் அத்தே. சாறு குடிச்சது அவரு, சக்கை தின்னது நானு. நோவுன்னா அது பொண்டாட்டி புருசன் பாத்து ஒரே நாள்ல வருமா?”

“ஒட்டுவாரொட்டியா இருந்தா?”

“அப்ப டாக்டரே சொல்லட்டும். ஏங்க, சட்டையைப் போடுங்க. நானும் வரேன்.”

“நீயா? கம்பெனிக்கா?” என்றான் கோதண்டம்.

“சாட்சிக்கு!”

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தாள். அவன் கையைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. “என்னப்பா இது?” என்று அவசரமாகக் கீழ் இமையை இழுத்தார். மற்றக் கண்ணையும் பார்த்தார்.

“கண் பால் மாதிரி இருக்கு. உள்ளே நல்லா செவந்திருக்கு. தினம் என்னதான் சாப்பிடுறே?”

கதவோரம் நின்ற கனகம் தன் கைகளை நீட்டினாள். “ரெண்டு பேருக்கும் ஒரே மூட்டைங்க, டாக்டர்.”

“என்ன மூட்டை?”

“கேரட்டு. அவருக்குச் சாறு, எனக்குச் சக்கை.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். “நோய் இல்லைம்மா, கேரட்டோட சாயம்தான். அதைக் குறைச்சா தானாப் போயிடும். இதுக்கு எவ்வளவு குடிச்சான்?”

“காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு.”

“ஒரு டம்ளர் போதும்மா! மனுஷனுக்குத்தானே கொடுக்கிறே?” எதற்கும் இருக்கட்டும் என்று விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தமும் எடுத்துப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். “ஃபிட். ஒண்ணாம் தேதி வந்து சேர்ந்துக்கோ.”

திரும்பும்போது சைக்கிள் மேட்டில்கூட நிற்காமல் ஏறியது. வாசலில் கீழாநெல்லி மோரோடு காத்திருந்த பாப்பம்மாள், சங்கதியைக் கேட்டு மோரைத் தானே குடித்துவிட்டாள்.

கருமாதி முடிந்த மறுநாள். கிணற்றடியில் கனகம் மஞ்சள் கிழங்கை எடுத்துக் கல்லில் உரசப் போனாள்.

“வை அதை,” என்றாள் பாப்பம்மாள்.

“ஏன் அத்தே? தீட்டுதான் போச்சே.”

“உனக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மஞ்சள் தேவையில்ல. உங்க அண்ணன் போட்ட சீரு, உள்ளேர்ந்தே மின்னுது.”