ஏழாவது போஸ்டர்

முப்பத்தோரு வருடம் ஊரார் ஏறி இறங்கும் லிப்டுகளையெல்லாம் பழுது பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், லிப்டே இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில் குடியிருந்தார். லிப்ட்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அன்று பாலை வாங்கிக்கொண்டு மேலே வந்ததிலேயே அவருக்குப் பாதி உயிர் போயிருந்தது.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களின் போஸ்டர். பிலிம் நுவார் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். தெருவிளக்கு, தொப்பி, சிகரெட் புகை, துப்பாக்கியோடு ஒரு பெண். படம் முடிவதற்குள் ஒருத்தரும் உருப்பட மாட்டார்கள். அப்படி நானூற்றுச் சொச்சம் போஸ்டர்கள் வீட்டின் ஒரே நல்ல அறையைப் பிடித்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும் என்று அங்கிருந்த பெரிய ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்.

மனைவியோ தையல்காரி. அவளுடைய மெஷின் சமையலறையின் இருட்டு மூலையில் கிடந்தது. இரண்டு வருடமாக ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள்.

"அந்த ஜன்னல்கிட்ட உக்காந்தா நானே கோத்துக்குவேன்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

அவரும் வாக்குக் கொடுத்துத்தான் இருந்தார். ஒரே கம்பெனி ஒரே வருடத்தில் எடுத்த ஏழு படங்களில் ஆறின் போஸ்டர் கைவசம் இருந்தது. ஏழாவதும் கிடைத்துவிட்டால் எல்லாவற்றையும் திரைப்படக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டு அறையை ஒழித்துத் தருவதாகச் சொல்லிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை அந்தப் போஸ்டர் வந்தது. இரண்டும் போலி என்று அவரே திருப்பி அனுப்பினார். அத்தைக்கு மீசை முளைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அன்று பத்து மணிக்குப் போஸ்டர் தரகர் மூச்சு வாங்க மாடியேறி வந்து அட்டைப் பெட்டியைத் திறந்தார்.

"மூடின தியேட்டரோட பரண்ல இருந்ததுண்ணே. பாத்துச் சொல்லுங்க."

புருஷனும் பெண்டாட்டியும் வழக்கம்போல ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தார்கள். அந்தக் காலத்தில் போஸ்டரை எட்டாக மடித்துத்தான் தியேட்டர்களுக்கு அனுப்புவார்கள். போலி அடிக்கிறவன் அந்த மடிப்புக் கோட்டையும் சேர்த்து அச்சடித்துவிடுவான். கண்ணுக்குத் தெரியும் கோடு விரலுக்குத் தெரியாது. அதனால் லிப்ட்காரர் எப்போதும் விரலைத்தான் நம்புவார்.

தடவினார். விரல் மடிப்பில் இறங்கியது. மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் காகிதம் நைந்து நார் நாராக இருந்தது. அசல்.

குதித்திருக்க வேண்டியவர் அதே மடிப்பை இன்னொரு தடவை தடவினார். இனி தரகரின் போனுக்குக் காத்திருக்க வேண்டாம். நாளை எழுந்து எதைத் தேடுவது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"போலி" என்றார். "மடிப்பெல்லாம் அச்சு. எடுத்துட்டுப் போங்க."

தரகரின் முகம் தொங்கிவிட்டது. "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்று கையை நீட்டினார்.

மனைவி தன் முனையை விடவில்லை. அவளுடைய கட்டைவிரல் மடிப்பின் மேல் மெதுவாகப் போய் வந்தது. முன்பெல்லாம் அவள் அவர் வாயைத்தான் பார்ப்பாள். துணியைத் தொட்டே ரகம் சொல்லுகிற விரல் அவளுக்கும் உண்டு என்பது அவருக்கு ஞாபகமில்லை.

"அவருக்கு விரல் மரத்துப்போச்சு தம்பி. இது நிஜம். வெச்சிட்டுப் போங்க, பணத்தைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க."

தரகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெறும் பெட்டியோடு படியிறங்கினார்.

போஸ்டரை விரித்தபடி இருவரும் நின்றார்கள். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"அப்ப முன்னாடி வந்த ரெண்டு?"

அவர் போஸ்டரின் மடிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணு நெஜமாவே போலி."

அவள் தன் முனையை விட்டுவிட்டாள். போஸ்டர் பழைய மடிப்பிலேயே மடிந்து அவர் கையோடு தொங்கியது. அவள் அறைக்குள் போய் ஜன்னலிலிருந்த கறுப்புத் துணியை உருவி உதறும் சத்தம் கேட்டது. பிறகு சமையலறைக்குப் போனாள்.

"மெஷினை ஒரு ஆளாத் தூக்க முடியாது" என்று அங்கிருந்து குரல் வந்தது. "வந்து அந்த முனையைப் பிடிங்க."