படத்தில் ஒரு முழங்கை

அந்தக் கை அத்தனை சூடாக இருந்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள். சில்லென்று இருந்திருந்தால் ஏதோ ஒரு சாக்கில் விரல்களை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்திருக்கலாம். இத்தனை வருட வேலையில் அவள் யார் கையையும் பிடித்ததில்லை. மொழிபெயர்ப்பாளருக்குக் குரல் உண்டு, கை கிடையாது என்பது முதல் நாளே சொல்லித்தந்த பாடம்.

விருந்தினர் மாளிகை அறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குக் கீழே, தோட்டத்தில், இரண்டு நாட்டுக் கொடிகளையும் இரவுக் காற்று ஒன்றோடொன்று சுற்றிவிட்டிருந்தது. ஓர் ஆள் ஏணி போட்டு ஏறி, சேலை முடிச்சை அவிழ்ப்பதுபோல் பொறுமையாகப் பிரித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் விமானம். அதோடு அவள் நாட்டுத் தலைவரின் பயணம் முடிகிறது.

கைபேசி அடித்தது. கணவன்.

"நேத்து டிவில உன்னைப் பாத்தோம்."

"எதைப் பாத்தீங்க?"

"வழக்கம்போல முழங்கைதான். அம்மா முழங்கை இளைச்சுப் போச்சுன்னு உன் பொண்ணு கவலைப்படுறா."

அவள் சிரித்தாள். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். இரண்டு தலைவர்களும் நாற்காலியில் உட்கார, நடுவில், சற்றுப் பின்னால், ஒரு முக்காலியில் அவள் உட்காருவாள். படம் எடுப்பவர்கள் அவளை வெட்டிவிடுவார்கள். எவ்வளவு வெட்டினாலும் முழங்கையோ ஒரு காதோ மிஞ்சும். அப்படி மிஞ்சியதையெல்லாம் மகள் செய்தித்தாளில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"ஆனா இன்னிக்குப் பேப்பர்ல முழுசா இருக்கே," என்றான் அவன். "யாரோ ஒரு அம்மா உன் கையைப் பிடிச்சுட்டு அழறாங்க. என்னம்மா ஆச்சு?"

"வந்து சொல்றேன்."

சொல்லமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். மூடிய அறைகளில் கேட்டதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அவனும் துருவியதில்லை. "சரி, சாப்பிடு முதல்ல," என்று வைத்துவிட்டான்.

இந்தப் பயணத்துக்கே காரணம் ஒரு பாலம். நட்பு நாட்டின் பெரிய ஆற்றின்மேல் அவள் நாட்டுப் பொறியாளர்கள் கட்டியது. இரண்டு தலைவர்களும் சேர்ந்து ரிப்பன் வெட்டுவதாக இருந்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்பு ஒரு பகுதி சரிந்து கீழே நின்றவர்கள்மேல் விழுந்தது. பயணத்தை ரத்துசெய்தால் உறவில் விரிசல் என்று பேச்சு வரும் என்பதால் ரத்துசெய்யவில்லை. ரிப்பனுக்குப் பதில் மருத்துவமனை என்று நிகழ்ச்சி நிரல் மாறியது. அதற்குள் ஊர் முழுக்க ஒரு கதை பரவியிருந்தது: கிரேன் ஓட்டியவன் கவனக்குறைவாக இருந்துவிட்டான். அவன்தான் நேற்று அவர்கள் போன மருத்துவமனை அறையில், இரண்டு கால்களும் கட்டுக்குள் இருக்க, நினைவில்லாமல் படுத்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா.

கேமராக்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றன. உள்ளே தலைவர், செயலாளர், அவள். எழுதிக்கொடுத்த ஆறுதல் வரிகளைத் தலைவர் சொன்னார், அவள் சொன்னாள். அந்த அம்மா மகனின் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே, "எல்லாரும் இவனைத்தான் சொல்றாங்கய்யா. அவன் எழுந்தா நான் என்ன சொல்லுவேன்?" என்று கேட்டாள். இவள் அதைத் தலைவருக்குச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, எழுதியதில் இல்லாததைச் சொன்னார்.

"உங்க பையன் மேல தப்பில்லம்மா. நான் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு விரட்டினது நான்தான். என் தப்பு."

மொழிபெயர்ப்பில், 'அவர் சொல்கிறார்' என்று சொல்லும் வழக்கம் கிடையாது. பேசுபவர் 'நான்' என்றால் அவளும் 'நான்'. 'நான் சமாதானத்தை விரும்புகிறவன்' என்று சொல்லியிருக்கிறாள். 'என் மனைவிக்கு உங்கள் ஊர்ப் பழங்கள் மிகவும் பிடிக்கும்' என்று விருந்துகளில், அதில் ஒரு பழத்தையும் தொடாமல், சொல்லியிருக்கிறாள். வாய்க்குள் அந்தச் சொல் எப்போதும் இரவல் நகை மாதிரிதான் இருக்கும். அணிந்து, கழற்றி, திருப்பிக் கொடுத்துவிடலாம். நேற்றும் அப்படித்தான் சொன்னாள். 'நான்தான். என் தப்பு.' அந்த அம்மாவின் பாஷையில் அது வந்தது அவள் வாயிலிருந்து. அந்த அம்மா தலைவரைப் பார்க்கவில்லை. எட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடான கை. இவள் உருவிக்கொள்ளவில்லை. கதவுக்கு வெளியே பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது.

சாயங்காலமே அந்த அம்மா நிருபர்களிடம் சொல்லிவிட்டாள். என் பையன் மேல தப்பில்லைன்னு அவங்க தலைவரே சொல்லிட்டார்.

கதவைத் தட்டிவிட்டுச் செயலாளர் உள்ளே வந்தார். எப்போதும் ஒரு கோப்புக்கட்டை அணைத்துக்கொண்டு நடப்பவர், இன்று வெறுங்கையோடு வந்திருந்தார். எழுத்தில் வரக்கூடாத பேச்சு என்று அதுவே அவளுக்குச் சொல்லிவிட்டது.

"உக்காருங்கம்மா. நான் நிக்கறேன்." தொண்டையைச் செருமினார். "பேப்பர் பாத்தீங்களா?"

"கேள்விப்பட்டேன் சார்."

"ரெண்டு அரசாங்கத்துக்கும் தலைவலி. விசாரணை முடியறதுக்கு முன்னாடி தப்பை நம்ம தலையில எடுத்துப் போட்டுக்கிட்டோம். அவங்களுக்கும் சங்கடம்தான், அவங்க ஆளுங்களும் சேர்ந்துதானே அவசரப்படுத்தினாங்க. யோசிச்சுப் பாத்ததுல ரெண்டு பக்கத்துக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒரு வழி இருக்கு."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மொழிபெயர்ப்புல சின்னப் பிசகு. பெரியவர் பொதுவா வருத்தம்தான் சொன்னார், நீங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க. ஒரு வரி. கிளம்பறதுக்கு முன்னாடி கீழே ஹால்ல நிருபர்கள் இருப்பாங்க. நீங்களே சொன்னா கௌரவமா இருக்கும்."

"நீங்களும் அங்கதானே சார் இருந்தீங்க?"

"இருந்தேன்." அவர் ஜன்னலுக்குப் போய் ஏணி மனிதனைப் பார்த்தார். "அந்தப் படம் இருக்கே. நீங்க கையைப் பிடிச்சுட்டு நிக்கறது. அதைப் பாத்தா எல்லாரும் நம்புவாங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது, அதை நான் பாத்துக்கறேன். சொல்லலைன்னா..." திரும்பிப் பார்க்காமலேயே கையை விரித்தார். "சொல்லலைன்னா என் கையில இல்லம்மா."

"அப்போ கிரேன் ஓட்டின பையன்?"

"அதை விசாரணை பாத்துக்கும்."

எல்லா மொழிகளிலும் இந்த வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

கீழே இறங்கும்போது படிக்கட்டு வளைவில் தலைவர் எதிர்ப்பட்டார், சுற்றிலும் ஆட்கள். விருந்துகளில் அவள் பட்டினியாக உட்கார்ந்திருப்பதைக் கவனித்துக் கேட்கிற ஒரே மனிதர் அவர்தான். இன்றும் கேட்டார், "சாப்பிட்டீங்களாம்மா?" ஆனால் கண்கள் அவள் தோளுக்கு மேலே, சுவரில் எங்கோ இருந்தன. பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நேற்று இரும்புக் கம்பியைப் பிடித்திருந்த அதே கை, இப்போது கைப்பிடியில் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. அவர்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அந்த அறையில் அவர் உண்மையாகத்தான் பேசினார். அதற்குச் சாட்சியாக இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம்.

ஹாலில் மேசைக்குப் பின்னால் வரிசையாக நாற்காலிகள். முக்காலியைத் தேடினாள், இல்லை. செயலாளரின் நாற்காலிக்குப் பக்கத்தில், முன்வரிசையில், வெல்வெட் மெத்தை வைத்த ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மேசையில் அவள் பெயர் எழுதிய அட்டை, ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு மைக். இந்த வேலையில் அவளுக்கென்று போட்ட முதல் நாற்காலி. இதில் உட்கார்ந்தால் எந்தக் கத்தரியாலும் அவளை வெட்ட முடியாது. வட்டம் போட மகளுக்குப் பென்சிலே தேவைப்படாது.

'நான்' என்று ஆரம்பிக்க வேண்டும். நான் தவறு செய்துவிட்டேன். வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது, வழக்கமான இரவல் கனத்தோடு.

செயலாளர் நாற்காலியைச் சற்று இழுத்துக் கொடுத்தார். "வாங்கம்மா. நேரமாச்சு."

"நான் சரியாத்தான் சொன்னேன் சார்," என்றாள். குரல் உயரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதுபோலத்தான் இருந்தது.

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றார். அவள் திரும்பிச் சுவரோரமாக, நிருபர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். விளக்குகள் எரிந்தன. கேமராக்கள் எல்லாம் முன்னால் திரும்பின. அங்கே வெல்வெட் நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் மைக்கின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் வலது கையை இடது கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள். இன்னும் லேசாகச் சூடு இருந்தது.